கைமாறிய ஏடும் கணினித் திரட்டியும்

எழுதுவது ஒரு தொழில். எழுதியதை வாசகனிடம் சேர்ப்பது மற்றொரு தொழில். முன்னதற்குப் புலமை வேண்டும். பின்னதற்கு ஊர் வேண்டும். ஊர் என்று இங்கே குறிப்பது வீடுகளும் தெருக்களும் சேர்ந்த நிலப்பகுதியை அன்று. தான் படித்த நல்லதைப் பிறரும் படிக்க வேண்டும் என விரும்பும் மனிதர்களின் கூட்டத்தையே ஊர் என்கிறேன். அத்தகைய ஊர் அமையாத எழுத்து, கதவடைத்த வீட்டில் ஏற்றிய விளக்குப்போல் தனக்குத்தானே எரிந்து அணைந்துவிடுகிறது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் வலைப்பதிவுகள் வாசகரைத் தேடிப் பெற்ற வரலாறு இவ்வுண்மைக்கு நல்ல சான்றாகும். அது நேற்று நடந்ததுபோல் தோன்றினும், அதற்குள் அதன் சுவடுகள் மறையத் தொடங்கிவிட்டன. பேரா மாநிலத்துத் தோட்டப்புறத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளி ஆசிரியனாகித் தலைமையாசிரியனாக இருக்கும் நான், அந்த வரலாற்றில் ஓரமாக நின்றவன். ஆயினும், ஓரத்தில் நின்றவனுக்கும் சொல்வதற்குச் சில செய்திகள் உண்டு.

தோட்டத்தில் ஒரு நாளேடு

1970களின் பிற்பகுதியில், சுங்கை சிப்புட் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்தேன். எங்கள் தோட்டக் கடைக்கு நாள்தோறும் ‘தமிழ் நேசன்’ ஒரு படி வரும். காலையில் பெரட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவப் போனவர்கள், பாலை நிறுத்துக் கொடுத்து, குளித்து, மாலையில் கடையின் முன் திண்ணையில் வந்து அமர்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள்.

அங்கே ஒரு பெரியவர் இருந்தார். காதிடுக்கில் எப்பொழுதும் ஒரு பென்சில் துண்டு செருகியிருப்பார். பகலில் ஏடு கடைக்கு வந்ததும் முதலில் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்து, எல்லாரும் கேட்க வேண்டிய செய்திகளின் ஓரத்தில் சிறு பெருக்கல் குறி ஒன்று இடுவார். மாலையில் படிப்பவர் அந்தக் குறி உள்ளவற்றையே முதலில் படிப்பார். பிறகு ஏடு லயத்துக்கு லயம் கைமாறிப் போகும். மறுநாள் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் கிழவி வரையில் அந்தச் செய்தி சென்று சேர்ந்திருக்கும். ஒரு படி ஏட்டுக்கு ஒரு தோட்டமே வாசகர் கூட்டம்!

பல ஆண்டுகள் கழித்து, கணினியில் ‘குறித்துவைத்தல்’ என்றொரு வசதியைக் கண்டபோது எனக்கு அந்தப் பெரியவரின் பென்சில்தான் நினைவுக்கு வந்தது.

இந்நாட்டுத் தமிழ் ஏடுகள் இவ்வகையான கூட்டு வாசிப்பாலேயே வளர்ந்தன. 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய இரண்டும் அச்சிட்ட படிகளைவிடப் பன்மடங்கு மிகுதியான செவிகளை எட்டின. ஏட்டினர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். எனவேதான் வாசகரை வெறும் வாங்குவோராக விட்டுவிடாமல், பங்காளிகளாக ஆக்க முயன்றனர். 1950ஆம் ஆண்டையொட்டிச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேச’னில் கதை வகுப்பு நடத்தினார்கள். வாசகர் அதில் மாணவராயினர், மாணவர் எழுத்தாளராயினர். 1950களில் ‘தமிழ் முரசு’ இளையோருக்காக நடத்திய மாணவர் மணிமன்றப் பகுதி, தாளோடு நின்றுவிடாமல் ஊர்தோறும் மன்றங்களாகக் கிளைத்தது. பின்னாளில் இந்நாட்டில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்னும் இயக்கமாக அது வேரூன்றியது.

கூட்டு முயற்சியின் வலிமை தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைக்க முன்னின்றார். பத்துப் பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் சேர்த்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தனித்தனியே பார்த்தால் பத்து வெள்ளி சிறுதொகை. ஒன்றுசேர்ந்தபோதோ அது நிலமாயிற்று. வாசகர் ஒருவரின் பரிந்துரையும் அத்தகையதே. தனியே அது ஒரு சொல். பலர் சொல்லும்போது அது பாதை.

கணினியில் ஒரு திண்ணை

மேலைநாட்டில் 1999இல் ‘பிளாகர்’ என்னும் சேவை தோன்றியது. பதிப்பாளர், அச்சகம், முதலீடு என எதுவும் இன்றி எவரும் எழுதி வெளியிடலாம் என்னும் நிலை பிறந்தது. 2003இல் கூகுள் நிறுவனம் அச்சேவையை வாங்கியது. இலட்சக்கணக்கானோர் எழுதத் தொடங்கினர். உடனே பழைய வினாவே புதுக்கோலத்தில் எழுந்தது: இத்தனை பேர் எழுதினால், யார் எதைப் படிப்பது? எங்கே போய்த் தேடுவது?

அவ்வினாவுக்கு விடையாக வந்தவையே கூட்டுக் குறிப்புத் தளங்கள். 2003இல் ஜோசுவா சாக்டர் என்பவர் ‘டெலிசியஸ்’ தளத்தைத் தொடங்கினார். ஒருவர் தமக்குப் பிடித்த பக்கத்தின் முகவரியைத் தம் கணினிக்குள் ஒளித்துவைக்காமல், எல்லாரும் காணும் இடத்தில் குறித்துவைக்கலாம். அதனோடு ‘வரலாறு’, ‘சமையல்’ என்பன போன்ற குறிச்சொற்களையும் சேர்க்கலாம். ஒரே குறிச்சொல்லின் கீழ்ப் பலர் குறித்தவை திரளும்போது, நூலகர் இல்லாமலேயே ஒரு நூலக அடுக்கு அமைந்துவிடும். 2004இல் கெவின் ரோசும் நண்பர்களும் தொடங்கிய ‘டிக்’ தளம் அதனோடு வாக்களிப்பைச் சேர்த்தது. வாக்குகள் மிகுந்த பக்கம் முகப்பில் ஏறும். முகப்பில் ஏறிய பக்கத்துக்கு ஒரே நாளில் பெருங்கூட்டம் வரும். அக்கூட்டத்தின் பளு தாங்காமல் சிறு தளங்கள் படுத்துவிட்டதும் உண்டு. 2005இல் ‘ரெடிட்’ வந்தது.

தமிழ் இவ்வரங்கில் ஏறுவதற்கு முன் ஒரு தடையைக் கடக்க வேண்டியிருந்தது. கணினிக்குக் கணினி எழுத்துரு வேறுபட்டது. ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் புரியாக் குறிகளாகத் தெரிந்தது. இத்தடையைத் தகர்த்ததில் மலேசியத் தமிழரின் பங்கு சிறிதன்று. 1980களின் நடுப்பகுதியிலேயே முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை, 1990களின் நடுவில் ‘தமிழ்.நெட்’ மடலாடற் குழுவைத் தொடங்கி உலகத் தமிழரை மின்மடலால் இணைத்தார். கெடாவில் மருத்துவர் ஜெயபாரதி ‘அகத்தியர்’ மின்குழுவை நடத்தினார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. ஒருங்குறி பரவியதும் தடை நீங்கியது. 2003 முதல் தமிழ் வலைப்பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

தமிழ்மணமும் பின்வந்தவையும்

2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். தமிழ் வலைப்பதிவுகளின் செய்தியோடைகளைத் திரட்டி, புதிதாக எழுதப்பட்டவற்றை வரிசையாக ஒரே பக்கத்தில் காட்டுவதே அதன் பணி. ஆகவே அதற்குத் ‘திரட்டி’ என்னும் அழகிய தமிழ்ப் பெயர் வாய்த்தது. சென்னையில் எழுதியவரும், யாழ்ப்பாணத்திலிருந்து கனடா சென்றவரும், துபாயில் வேலை பார்த்தவரும், ஈப்போவில் எழுதியவரும் அங்கே அடுத்தடுத்த வரிகளில் நின்றனர். பெயர்பெற்றவர், பெயர்பெறாதவர் என்னும் வேற்றுமை அவ்வரிசையில் இல்லை. எழுதிய நேரம் ஒன்றே முறைமை.

வெறும் பட்டியலாக மட்டும் தமிழ்மணம் நிற்கவில்லை. எந்த இடுகைக்கு மறுமொழிகள் வருகின்றன என்பதைத் தனியே காட்டியது. வாரம் ஒரு பதிவரை நட்சத்திரமாக முன்னிறுத்தியது. மிகுதியாகப் படிக்கப்பட்டவற்றைச் ‘சூடான இடுகைகள்’ என ஒரு காலம் பட்டியலிட்டது. வாசகர் பரிந்துரைக்கு வாக்குப்பட்டையும் பின்னர் வந்தது. 2008இல் தோன்றிய ‘தமிழிஷ்’ தளமோ முழுக்க ‘டிக்’கின் வழியில் அமைந்தது. பதிவர் தம் இணைப்பைச் சேர்ப்பார், வாசகர் வாக்களிப்பர், வாக்கு மிகுந்தால் முகப்பில் ஏறும். பின்னர் அது ‘இன்ட்லி’ எனப் பெயர் மாறியது. ‘தேன்கூடு’, ‘திரட்டி’ முதலிய பிறவும் இருந்தன. வலைப்பதிவர், பின்னூட்டம், இடுகை, திரட்டி, செய்தியோடை ஆகிய சொற்கள் இவ்வூரில் புழங்கியே தமிழில் நிலைத்தன என்பதும் நினைவுகூரத்தக்கது.

மலேசியாவிலும் இதன் அலை வீசியது. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் நடந்த இண்ட்ராப் பேரணியும், 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலும் நாட்டையே உலுக்கிய நாள்களில், வலைப்பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் நம்மவரிடையே பெருகியது. ஆசிரியர்களும் இளைஞர்களும் எழுதத் தொடங்கினர்.

என் பட்டறிவு

அந்த அலையில் நானும் ஓர் இலையாக மிதந்தேன். அப்பொழுது நான் துணைத்தலைமையாசிரியன். நான் பிறந்த தோட்டத்தில் இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டு, செம்பனை நடப்பட்டுவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. நான் எழுத்தறிந்த தோட்டத் தமிழ்ப்பள்ளி, பிள்ளைகள் குறைந்ததால் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பள்ளியின் பழைய பதிவேடுகளில் முதற்பகுதி கறையானுக்கு இரையாகிவிட்டது. அப்பள்ளியைத் தொடங்கியவர் யார், முதல் ஆசிரியர் யார் என்று கேட்டால் விடை சொல்ல எவரும் இல்லை. நான் அறிந்தவற்றையேனும் எழுதிவைக்கலாம் என ஒரு வலைப்பதிவைத் தொடங்கினேன்.

மூன்று மாதம் எழுதினேன். வந்த வாசகரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் பாதிப்பேர் என் உறவினர். இளைய ஆசிரியர் ஒருவர்தான், “ஐயா, திரட்டியில் சேர்த்தீர்களா? நீங்களே கதவைப் பூட்டிவிட்டு யாரும் வரவில்லை என்கிறீர்களே!” என்றார். அவரே சேர்த்தும் கொடுத்தார். மறுநாள் நூற்றுக்கு மேற்பட்டோர் வந்து போயிருந்தனர். ஆசிரியனுக்கு அது எத்தனை வகுப்பறை!

அப்பொழுது என்னையும் ஆசை பிடித்தது. வாக்கு எப்படிப் பெருகும் என்று பார்த்தேன். சூடான தலைப்புக்குக் கூட்டம் மிகுதி என்பது கண்கூடு. ஆகவே தோட்டப் பள்ளி ஒன்றைப் பற்றிய சாதாரணக் கட்டுரைக்கு, ஏதோ பெரும் ஊழலை அம்பலப்படுத்துவதுபோல ஒரு தலைப்பைச் சூட்டினேன். கூட்டம் வந்தது, இரண்டு வரி படித்தது, போய்விட்டது. ஒருவர் மட்டும் நின்று, ‘தலைப்பை நம்பி வந்தேன், பள்ளிக்கூட வாத்தியாரே இப்படிச் செய்யலாமா?’ என்று பின்னூட்டம் எழுதினார். பிரம்படி பட்டதுபோல் இருந்தது. தலைப்பை மாற்றினேன், அவருக்கு மன்னிப்பும் கேட்டு எழுதினேன்.

அடுத்த ஆறு மாதம் வேறு வழியில் நடந்தேன். நாள்தோறும் பிறர் பதிவுகள் இரண்டு மூன்றைப் படித்து, உண்மையாகவே தோன்றியதைப் பின்னூட்டமாக எழுதினேன். நல்லவற்றைப் பரிந்துரைத்தேன். என் இடுகைகளுக்குத் தோட்டம், தமிழ்ப்பள்ளி, பேரா, சஞ்சிக்கூலி என முறையான குறிச்சொற்களை இட்டேன். வாசகர் எண்ணிக்கை மெல்லவே உயர்ந்தது. ஆனால் வந்தவர்கள் மீண்டும் வந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டு அம்மையார். திரட்டியில் எங்கள் தோட்டத்தின் பெயரைக் கண்டு உள்ளே வந்ததாக எழுதினார். 1969இல் வேலை அனுமதி முறை நடைமுறைக்கு வந்தபின், குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்ததை நாம் அறிவோம். அவ்வாறு திரும்பிய குடும்பம் ஒன்றின் மகள் அவர். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பள்ளியின் முதல் ஆசிரியர் தம் தாயின் அண்ணன் என்றும், கங்காணி வீட்டுத் திண்ணையில்தான் முதலில் பாடம் நடந்தது என்றும், பள்ளிக்குக் கூரை போட ஒவ்வொரு குடும்பமும் அரை நாள் கூலியைக் கொடுத்தது என்றும் தம் தாய் சொல்லக் கேட்டதை எழுதினார். அந்த ஆசிரியரின் பெயரையும் எழுதினார். அரை நூற்றாண்டு மறைந்திருந்த பெயர் அது! அன்றிரவு நான் உறங்கவில்லை.

அப்பின்னூட்டத்தைத் தாளில் அச்செடுத்துப் பள்ளிக் கோப்பில் வைத்தேன். நான் செய்த நற்செயல்களுள் அதுவே தலையாயது எனப் பின்னாளில் உணர்ந்தேன்.

தளர்ந்த வரலாறு

கூடிய ஊர் ஏன் கலைந்தது? காரணங்கள் சில உள்ளிருந்தே தோன்றின. வாக்கு ஏற்றம் தரும் என்றதும் வாக்கே குறிக்கோளாயிற்று. ‘நீ எனக்கு இடு, நான் உனக்கு இடுகிறேன்’ என்னும் வழக்கம் வந்தது. அதைப் பதிவர்களே ‘மொய்’ என்று நகையாடினர். திருமண வீட்டு மொய்யில் உணவாவது உண்டு. இந்த மொய்யில் படிக்காமலேயே பாராட்டு நடந்தது. குழு மனப்பான்மை வளர்ந்தது; பின்னூட்டச் சண்டைகள் பெருகின. மறுமொழிகளை மட்டுறுத்துமாறு பதிவர்களை வேண்டும் நிலை திரட்டிகளுக்கு ஏற்பட்டது. மேலைநாட்டிலும் இதே கதைதான். 2010இல் ‘டிக்’ தன் அமைப்பை மாற்றி வாசகரின் ஆற்றலைக் குறைத்தபோது, அவர்கள் கூட்டமாக ‘ரெடிட்’டுக்குப் பெயர்ந்தனர். கோடிகளில் மதிக்கப்பட்ட ‘டிக்’ 2012இல் மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியது.

வெளிக்காரணங்கள் இன்னும் வலியவை. முகநூலும் கீச்சகமும், பிறகு புலனமும் வந்தன. எழுதுவதற்கும் பரிந்துரைப்பதற்கும் ஒரே இடம் கிடைத்ததால், பலர் வலைப்பதிவையே கைவிட்டனர். 2013 சூலையில் கூகுள் தன் செய்தியோடை வாசிப்பானை மூடியது. ‘டெலிசியஸ்’ பல கை மாறி 2017இல் ஓய்ந்தது. ‘ஸ்டம்பிள்அப்பான்’ 2018இல் மூடப்பட்டது. தமிழ்த் திரட்டிகளும் ஒவ்வொன்றாக மங்கின. ஊரையே வாசகராகக் கொண்டிருந்த ‘தமிழ் நேச’னும் 2019 சனவரியோடு நின்றுபோனது. தாளும் திரையும் ஒரே தசாப்தத்தில் தளர்ந்தன.

எது போனது என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். திரட்டியில் எல்லாரும் ஒரே முகப்பைக் கண்டார்கள். இன்றோ ஒவ்வொருவருக்கும் வேறுவேறு முகப்பு; எதைக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. தோட்டக் கடைப் பெரியவரின் பென்சிலை இயந்திரம் பறித்துக்கொண்டது. பெரியவர் குறியிட்டது ஊருக்கு வேண்டியதை. இயந்திரம் குறியிடுவது நம்மை அதன்முன் நெடுநேரம் இருத்துவதை. முகநூலில் இட்ட அரிய குறிப்பு ஒரு வாரத்தில் ஆழத்தில் புதைகிறது. ஓராண்டு கழித்து அதை எழுதியவரே தேடினாலும் எளிதில் கிட்டுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

பழமையை எண்ணிப் பெருமூச்சு விடுவதற்காக நான் இதனை எழுதவில்லை. பேராவின் தோட்டங்கள் மறைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கோயில், ஒரு பள்ளி, நூறு குடும்பக் கதைகள் இருந்தன. அவற்றை அறிந்த முதியோர் நாளுக்கு நாள் குறைகின்றனர். எழுதினால் மட்டும் போதாது. எழுதியது, அதனை அறிந்த மற்றொருவரின் கண்ணில் பட வேண்டும். அந்த அம்மையாரின் கண்ணில் படாதிருந்தால் எங்கள் முதல் ஆசிரியரின் பெயர் இன்றும் மண்ணுக்குள்தான் கிடந்திருக்கும்.

எனவே ஆசிரியர்களுக்கும் இளைய எழுத்தாளர்களுக்கும் சில சொல்வேன். எழுத்துக்குச் சொந்த இடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முகநூல் போன்றவை அதற்கு வழிகாட்டும் பலகைகளாக இருக்கட்டும். இடம், காலம், பொருள் விளங்கக் குறிச்சொல் இடுங்கள். என்றோ தேடுபவருக்கு அதுவே கைவிளக்கு. பொய்த் தலைப்பால் கூட்டம் சேர்க்காதீர்கள். அது வந்த வழியே போகும். உங்கள் எழுத்தை ஒருமுறை பரிந்துரைக்குமுன் பிறர் எழுத்துகளுள் நல்லவற்றைப் பலமுறை பரிந்துரையுங்கள். பள்ளிதோறும், மன்றந்தோறும் வாரம் ஒரு முறையேனும் படித்ததில் நல்லதைச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அரியவற்றைத் தாளிலும் அச்செடுத்து வையுங்கள். கறையானை விரட்ட வேப்பிலை உண்டு, மூடிய தளத்தைத் திறக்க நம்மிடம் சாவி இல்லை.

எங்கள் பள்ளியில் இப்பொழுது ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு திங்களன்றும் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தாம் படித்தவற்றுள் ஒன்றின் பெயரை அதில் எழுதி, ஏன் பிறர் படிக்க வேண்டும் என ஒரு வரியும் எழுதுகிறார்கள். பிடித்துப்போனவர்கள் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இடுகிறார்கள். சென்ற மாதம், பாட்டியிடம் கேட்டு ஒரு மாணவி எழுதிய தோட்டத்துக் கதைக்கு இருபத்து மூன்று குறிகள் விழுந்திருந்தன. அக்கதையைப் படிக்க அவள் பாட்டியே ஒரு நாள் பள்ளிக்கு வந்துவிட்டார். படிக்கத் தெரியாததால் பேத்தியை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.